15 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையே

சில ஆண்டுகளுக்கு முன்பு, பெங்களூர்க் கிளையொன்றில் கடன் பிரிவை நாம் கவனித்து வந்தபோது, லேத் பட்டறை நடத்தி ஓய்வுபெற்ற வாடிக்கையாளர் ஒருவர் பழுப்பு நிறக் கோப்பு ஒன்றோடு வந்து எதிரே அமர்ந்தார். அவர் கேட்ட தொகை பெரிதன்று; ஒன்றரை இலட்சம் ரூபாய்தான். கேட்ட நோக்கம்தான் நம் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. தம்மிடம் பழைய சிப்பானி டால்ஃபின் கார் ஒன்று இருப்பதாகவும், ஒழுகும் கொட்டகையில் பல மழைக்காலம் கிடந்ததில் அதன் சேசிஸ் துருவேறிவிட்டதாகவும், அதைச் செப்பனிட்டு ஒருமுறையேனும் பந்தயத் தடத்தில் மறுபடி ஓட்டிப் பார்க்க விரும்புவதாகவும் சொன்னார். கோப்பில் வண்டி வாங்கிய ரசீது இருந்தது. சோழவரம் பந்தயத்திற்கு முன் வண்டியைச் சோதித்த அலுவலர் கையொப்பமிட்ட தாள் ஒன்று இருந்தது. தலைக்கவசத்தைக் கையில் ஏந்தி, வண்டியருகே இளைஞராக அவர் நிற்கும் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் இரண்டும் இருந்தன.

நாம் மறுத்துவிட்டோம். பதிவுச் சான்று காலாவதியாகியிருந்தது. மதிப்பீட்டாளரின் விலைப் பட்டியலில் அப்படியொரு வண்டியே இல்லை. மதிப்பிட முடியாத பொருளை ஈடாகக் கொள்வது, மக்கள் போட்டு வைத்த பணத்தைக் கையாளும் எவருக்கும் தகாது. அந்த முடிவு விதிப்படி சரியானது என்றே இன்றும் கருதுகிறோம். ஆனால் எழுந்து போகும்போது அவர் கேட்டதற்கு அன்று நம்மிடம் விடை இருக்கவில்லை. "மகாராஜா வைத்திருந்த ரோல்ஸ் ராய்ஸைக் கொண்டுவந்தால் மதிப்புப் போடுவீர்கள் அல்லவா, சார்? இது நானே பிரித்து நானே பூட்டிய வண்டி. இதற்கு ஏன் மதிப்பில்லை?"

நம் நாட்டில் பழைய கார் என்றாலே அரண்மனைக் கார்தான் நினைவுக்கு வருகிறது. தில்லியில் 1964இல் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் தொடங்கிய பழங்கார் அணிவகுப்பு முதல் இன்றைய நகர்தோறும் நடக்கும் கண்காட்சிகள் வரை, கூட்டம் மொய்ப்பது பித்தளை விளக்கும் வெள்ளிச் சிலையும் பளபளக்கும் பெருவண்டிகளைச் சுற்றித்தான். அவை காக்கப்பட வேண்டியவையே. எனினும் எழுத்தரும் ஃபிட்டரும் கல்லூரி மாணவரும் தம் கையால் கட்டி, தம் பணத்தில் பந்தயம் ஓட்டிய எளிய வண்டிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. கண்ணாடி இழையால் உடல் வார்க்கப்பட்ட அந்தச் சிறு வண்டிகள் நம் கண்ணெதிரே மறைந்து கொண்டிருக்கின்றன. அவற்றைத் துடைத்துப் பூட்டி வைப்பதால் பயனில்லை. ஓட்டியும் அவற்றின் தாள்களைப் பேணியும்தான் காக்க முடியும் என்பது நம் கருத்து.

இந்த வகை வண்டிகள் பெருகிய நாடு இங்கிலாந்து. பெருகியதற்குப் பொறியியல் மட்டும் காரணமன்று, ஒரு வரியும் காரணம். வணிகவியல் படித்தவருக்கு இதைவிடச் சுவையான செய்தி வேறு இராது. இரண்டாம் உலகப் போரின்போது 1940இல் அந்நாட்டு அரசு கொள்முதல் வரி என்றொரு வரியை விதித்தது. போர் முடிந்தும் வரி போகவில்லை. 1955 இறுதியிலிருந்து 1959 வரை கார்களுக்கு அது மொத்த விற்பனை மதிப்பில் 60 சதவீதமாக இருந்தது. அதாவது 500 பவுன் மதிப்புள்ள வண்டிக்கு வரி மட்டும் 300 பவுன். ஆனால் இந்த வரி முழுதாகப் பூட்டிய காருக்கே உரியது. அதே காரின் உடலையும் சேசிஸையும் எஞ்சினையும் தனித்தனி உதிரிப் பாகங்களாக விற்று, வாங்கியவரே வீட்டுக் கொட்டகையில் பூட்டிக்கொண்டால் வரி இல்லை. வார இறுதி உழைப்பைக் கூலியாகப் போட்டு 300 பவுனை மிச்சம் பிடிக்கலாம் என்றால் எந்த நடுத்தர வர்க்கத்து இளைஞன்தான் விடுவான்?

லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மன் இந்த வாய்ப்பை நன்கு உணர்ந்தவர். அவரே 1948இல் பழைய ஆஸ்டின் செவன் காரொன்றைப் பிரித்து மாற்றிக் கட்டித்தான் இத்துறைக்குள் வந்தார். 1957இல் வெளிவந்த லோட்டஸ் செவன், பெட்டிகளில் வைத்து விற்கப்பட்ட கார்களுள் புகழ்பெற்றது. அதைப் பற்றி ஆர்வலர்கள் இன்றும் சொல்லி மகிழும் கதை ஒன்றுண்டு. பூட்டும் முறையை விளக்கும் குறிப்பேடு கூடவே இருந்தால் அது உதிரிப் பாகம் ஆகாது, வரி உண்டு என்று அதிகாரிகள் சொன்னார்களாம். சாப்மன் வண்டியைப் பிரிக்கும் முறையை விளக்கும் குறிப்பேட்டைத் தந்து, வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாராம். கதை எவ்வளவு மெய்யோ, வரிச் சட்டத்தின் சொற்களை எழுத்தெண்ணிப் படிக்கும் தணிக்கையாளர்களோடு பழகிய நமக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை.

வரி வழி திறந்தது. அந்த வழியில் நடக்க உதவியது கண்ணாடி இழை. எஃகுத் தகட்டைக் கார் உடலாக வளைக்கப் பேரச்சுகளும் அழுத்து இயந்திரங்களும் வேண்டும். ஆயிரக்கணக்கில் வண்டி விற்றால்தான் அந்த முதலீடு திரும்பும். கண்ணாடி இழைக்கு அச்சும் மெழுகும் பிசினும் தூரிகையும் பொறுமையும் போதும். அச்சின் உட்புறத்தில் மெழுகு பூசி, அதன்மேல் வழவழப்பான மேற்பூச்சு தடவி, கண்ணாடி இழைப் பாயை விரித்து, கெட்டிப்படுத்தும் பொருள் கலந்த பிசினை ஊற்றி, காற்றுக் குமிழி தங்காதபடி உருளையால் அழுத்தி உலரவிட வேண்டும். உலர்ந்தபின் உரித்தெடுத்தால் அதுவே காரின் உடல். நம் கடற்கரைக் குப்பங்களில் இன்று கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்திருக்கும் பைபர் படகுகளை வார்க்கும் கூடத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையும் அந்தப் பிசின் நெடியும் நன்கு தெரியும். இருபது வண்டி விற்றாலும் கட்டுப்படியாகும் தொழில் இது. ஆகவே சிறு பட்டறைகள் பலவும் கார் நிறுவனங்களாயின. சில பட்டறைகள் உடலை மட்டும் விற்றன. வாங்கியவர் அதைப் பழைய ஃபோர்டு சேசிஸின்மேல் இறக்கிக்கொண்டார்.

வாக்லெட் சகோதரர்கள் நால்வர் 1958இல் தொடங்கிய ஜினெட்டா அப்படியொரு சிறு நிறுவனம். 1961இல் அவர்கள் கொணர்ந்த ஜி4, ஃபோர்டு ஆங்கிலியா என்னும் சாதாரணக் குடும்பக் காரின் 997 சி.சி. எஞ்சினையே வாங்கிப் பொருத்திக்கொண்டது. ஜெம் மார்ஷும் ஃபிராங்க் காஸ்டினும் தம் பெயர்களின் முன்பாதிகளை இணைத்து மார்கோஸ் என்று பெயரிட்டனர். காஸ்டின் டி ஹாவிலண்ட் விமான நிறுவனத்தில் பணியாற்றியவர். ஆகையால் காரின் சட்டத்தையே ஒட்டுப்பலகையில் செய்தார். மரத்தில் கார் செய்கிறார்கள் என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். பின்னாளில் மூன்று முறை உலகச் சாம்பியனான ஜாக்கி ஸ்டீவர்ட் தம் தொடக்க காலத்தில் அந்த மர வண்டியில் ஓடியிருக்கிறார்.

இவற்றுள் துணிகரமானது லோட்டஸ் எலீட். 1957 லண்டன் கண்காட்சியில் வைக்கப்பட்ட அந்தக் காருக்குத் தனியே சேசிஸ் என்பதே கிடையாது. கண்ணாடி இழை உடலே எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கும். ஏறத்தாழ 1,000 வண்டிகளே செய்யப்பட்டன. 1959 முதல் 1964 வரை ஆண்டுதோறும் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் எலீட் வென்றது. ஆனால் ஒவ்வொரு வண்டியையும் அடக்க விலைக்குக் கீழேதான் அந்நிறுவனம் விற்றது என்பது மோட்டார் வரலாறு எழுதியவர் பலரும் ஒப்புக்கொள்ளும் செய்தி. கோப்பைகளை அடுக்கி வைத்த அலமாரிக்கும் இலாப நட்டக் கணக்குக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

1973 ஏப்ரல் 1 அன்று கொள்முதல் வரி ஒழிந்து மதிப்புக் கூட்டு வரி வந்தது. அது உதிரிப் பாகத்திற்கும் உண்டு. வீட்டில் பூட்டுவதன் சலுகை ஒரே நாளில் போயிற்று. லோட்டஸ் தன் செவன் காரின் உரிமையை அதே ஆண்டு கேட்டர்ஹாம் நிறுவனத்திற்கு விற்றுவிட்டு, விலையுயர்ந்த கார்களின் பக்கம் திரும்பியது. சிறு பட்டறைகள் பல மூடப்பட்டன. ஒரு வரியால் பிறந்த தொழிலை இன்னொரு வரி முடக்கியது.

அத்தோடு அந்த வண்டிகளின் காலம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அங்கு அவை இன்றும் ஓடுகின்றன. ஓடுகின்றன என்று நாம் சொல்வது பொருட்காட்சிக்கு ஊர்ந்து வருவதையன்று, பந்தயத்தில் ஓடுவதை. வரலாற்றுப் பந்தயம் என்று ஒரு தனித்துறையே அங்கு வளர்ந்திருக்கிறது. பழைய விளையாட்டுக் கார்களுக்கென்றே 1966இல் ஒரு சங்கம் அமைந்தது. 1966இல் பந்தயங்களை நிறுத்திய குட்வுட் தடத்தில் 1998 முதல் ஆண்டுதோறும் மறுமலர்ச்சி விழா நடக்கிறது. 1948க்கும் 1966க்கும் இடையே பந்தயங்களில் ஓடிய வகைக் கார்களே அதில் ஓடலாம். பார்வையாளர்களும் அக்கால உடையில் வருகிறார்கள். இத்தகைய பந்தயங்களில் கோடிக்கணக்கில் விலைபோகும் ஃபெராரிகளும் ஓடுகின்றன, கொட்டகையில் பூட்டிய ஜினெட்டாவும் ஓடுகிறது. மோதினால் ஃபெராரிக்காரர் மாதக்கணக்கில் கைவினைஞரைத் தேட வேண்டும். ஜினெட்டாக்காரர் பிசின் டப்பாவைத் திறக்கிறார்.

அந்தப் பந்தயப் படங்களைப் பார்க்கும்போது நமக்குத் தோன்றுவது திருவாரூர்த் தேர். 1926இல் தீக்கிரையான பின் புதிதாகச் செய்யப்பட்டது அது. இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனம் பொருத்திக் கொடுத்தவை. மரம் உளுத்தால் மரம் மாறும், வடம் ஆண்டுக்காண்டு தேயும். இது பழைய தேரில்லை என்று வடம் பிடிக்க வந்தவர் யாரும் சொல்வதில்லை. ஓட்டம் நின்று கொட்டகையில் நிற்கும் தேர்தான் கறையானுக்கு இரையாகிறது. காருக்கும் இதே நிலைதான். ஓடாத வண்டியில் எரிபொருள் தொட்டி துருவேறும், ரப்பர் வெடிக்கும், பிரேக் இறுகிவிடும். கண்ணாடி இழை துருப்பிடிக்காது என்பது மெய். ஆனால் அதன் கீழே மறைந்திருக்கும் எஃகுக் குழாய் உள்ளிருந்தே அரிக்கும். மேலே மெருகு குலையாமல் நிற்கும் உடல், கீழே நடப்பதைக் காட்டிக்கொடுக்காது. நம் வாடிக்கையாளரின் டால்ஃபினுக்கு நேர்ந்ததும் அதுவே.

பாகங்கள் மாறிக்கொண்டே இருந்தால் எதை வைத்து அதே வண்டி என்பது? கண்ணாடி இழை வண்டிக்கு இக்கேள்வி மிகக் கூர்மையானது. நல்ல நிலையிலுள்ள ஒரு காரின்மேல் அச்செடுத்தால் இன்னொரு உடலை யாரும் வார்த்துவிடலாம். சில மாடல்களில் அன்று செய்யப்பட்டவற்றைவிட இன்று இருப்பவை அதிகம் என்று ஆர்வலர்களே கேலி பேசுவார்கள். ஆகவே அங்கு தாளுக்கு மதிப்பு அதிகம். உலக மோட்டார் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. வரலாற்றுப் பந்தய வண்டிகளுக்குத் தொழில்நுட்பக் கடவுச்சீட்டு ஒன்றை வழங்குகிறது. எஞ்சின், பிரேக், சக்கர அளவு முதலியவை அந்தக் காலத்து அமைப்பின்படி உள்ளனவா என்பது புகைப்படங்களோடு அதில் பதியப்படும். ஆனால் இன்ன காரே இன்ன ஆண்டில் இன்ன பந்தயம் ஓடியது என்பதற்கு அச்சீட்டு உத்தரவாதம் ஆகாது. வங்கியில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே விளங்கும். மதிப்பீட்டு அறிக்கை ஒன்று, மூலப்பத்திரம் வேறொன்று. அந்த மூலப்பத்திரத்தின் வேலையைச் செய்வன பழைய ரசீதுகளும் பந்தய நிரல்களும் சோதனைத் தாள்களும் புகைப்படங்களும்தாம். நம் வாடிக்கையாளரின் பழுப்புக் கோப்பில் இருந்தவையும் அவைதாம் என்பது நமக்குப் பின்னரே உறைத்தது.

நம் நாட்டிற்கு வருவோம். இங்கிலாந்துக்காரர்களைச் சொந்தமாகக் கார் கட்ட வைத்தது வரி என்றால், நம்மவர்களைக் கட்ட வைத்தது பற்றாக்குறை. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு; வாங்கக் கிடைத்தவை ஃபியட்டும் அம்பாசிடரும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும். இவற்றுள் சென்னைக்கு அருகே பெருங்களத்தூரில் உருவான ஹெரால்டுக்கு ஒரு சிறப்புண்டு. தனி சேசிஸ் கொண்ட கார் அது. அந்தக் காரணத்தாலேயே அதன் இங்கிலாந்து மூலமான டிரையம்ப் ஹெரால்டின் சேசிஸை அங்குள்ள உதிரிக் கார் பட்டறைகள் விரும்பி எடுத்தன. சென்னைக்கு வடக்கே, போர்க்காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் இப்படி மாற்றிக் கட்டிய வண்டிகள் ஓடின. அந்தச் சங்கம் 1953இல் தோன்றியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வரும்வரை, தென்னகத்து மோட்டார் பந்தயம் என்றால் சோழவரம்தான். வெயிலில் நின்று பார்த்தவர்கள் நம் வாசகர்களிலேயே இருக்கக்கூடும்.

சிப்பானி டால்ஃபின் அந்த வரலாற்றின் பிற்பகுதியைச் சேர்ந்தது. இங்கிலாந்தின் ரிலையண்ட் கிட்டன் என்னும் சிறுகாரை அடிப்படையாகக் கொண்டு பெங்களூரில் 1982இல் வெளிவந்தது. 848 சி.சி. அலுமினிய எஞ்சின், எஃகுச் சேசிஸ், அதன்மேல் கண்ணாடி இழை உடல், இரண்டு கதவு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் குடும்பங்கள் அந்தப் பக்கம் சாய்ந்தன. சந்தையில் டால்ஃபின் தோற்றது. ஆனால் எடை குறைந்த உடலுக்காகப் பந்தயக்காரர்களும் ராலி ஓட்டிகளும் அதைத் தேடிப் பிடித்தார்கள். குடும்பத் தலைவர்கள் கைவிட்ட காரை அவர்களுடைய பிள்ளைகள் பந்தயத்திற்கு ஓட்டிப் போனார்கள் எனலாம்.

கோவையின் கரிவரதனை இங்கே குறிப்பிடாமல் செல்ல இயலாது. ஆலைத் தொழில் குடும்பத்தில் பிறந்த அவர், மாருதியின் 796 சி.சி. எஞ்சினை வைத்து, கண்ணாடி இழை உடலில் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்ற அந்த எளிய வண்டியில் பயின்றவர்களுள் ஒருவரான நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். கோவைப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்குகிறது. பெயர் தடத்திற்கு இருக்கிறது, சரி. அவர் காலத்து வண்டிகளும் அவற்றுக்கு முன் சோழவரத்தில் ஓடியவையும் ஆண்டுக்கொருமுறையாவது அந்தத் தடங்களில் ஓட வேண்டாமா? அவற்றுக்கென நிலையான ஒரு பந்தய வகுப்பு நம்மிடம் இல்லாதது நமக்குப் பெருங்குறையாகத் தோன்றுகிறது.

இனி விதிகளுக்கு வருவோம். தனியார் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதன்பின் தகுதிச் சான்று பெற்றுப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணங்கள் அண்மை ஆண்டுகளில் கணிசமாக உயர்ந்துள்ளன. மறுபுறம், 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்கெனத் தனி விதிகளை அறிவித்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனிப்பதிவு. கட்டணம் 20,000 ரூபாய். அன்றாடப் பயன்பாட்டிற்கு ஓட்டலாகாது. இது நல்ல விதி, நெடுநாள் கேட்டுப் பெற்ற விதி. ஆயினும் 15க்கும் 50க்கும் இடையே 35 ஆண்டுகள் இருக்கின்றன. கணக்கியலில் தேய்மானம் கழித்துக் கழித்து ஒரு சொத்து ஏட்டில் மதிப்பிழந்து நிற்கும் காலம் ஒன்றுண்டு. அது அரும்பொருளாக மதிப்புப் பெறும் காலம் வெகுதூரத்தில் இருக்கும். வண்டிகள் சாவது இந்த இடைவெளியில்தான். பழைய இரும்புக்கு எடைபோட யாரும் 50 ஆண்டு காத்திருப்பதில்லை. முதல் டால்ஃபின்கள் 50 வயதைத் தொடுவது 2032இல். அதுவரை எத்தனை மிஞ்சும்?

இன்னொரு சிக்கலும் உண்டு. பழங்கால வண்டி என்று ஏற்கப்பட, சேசிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்யப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. அரண்மனைக் காருக்கு இது பொருந்தும். பந்தயத்திற்கென ஆண்டுதோறும் வெட்டியும் ஒட்டியும் மாற்றிய வண்டிக்கு எந்த நிலை மூல வடிவம்? ஆலையிலிருந்து வந்த நாளா, சோழவரத்தில் வென்ற நாளா? வரலாறு இரண்டாவதில் இருக்கிறது. விதி முதலாவதைக் கேட்கிறது. அன்றைய பந்தயத் தாள்களால் மெய்ப்பிக்கப்படும் மாற்றங்களை வரலாற்று நிலையாக ஏற்கும் ஒரு பிரிவு விதியில் சேர்க்கப்பட வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

வீட்டில் கட்டிய காரையெல்லாம் சாலையில் விட வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகக் கூறியிருக்கிறது. நம் சாலைகளின் நெரிசலையும் வேகத்தையும் பார்க்கிற எவரும் அதை மறுக்கமாட்டார்கள். இங்கிலாந்திலும் வீட்டில் கட்டிய வண்டி சாலைக்கு வர வேண்டுமானால் தனி வாகனச் சோதனை ஒன்றில் தேற வேண்டும். நாம் கேட்பது சாலையை அன்று, தடத்தை. மூடிய தடத்தில், உருண்டால் தலையைக் காக்கும் குழாய்ச் சட்டம், இருக்கைப் பட்டை, தீயணைப்பான், முறையான உரிமம் ஆகியவற்றோடு ஓடும் வண்டி யாருக்கும் இடையூறில்லை. ஆண்டில் ஒருநாள் பத்துச் சுற்று ஓடும் காரின் புகையை எண்ணிக் கவலைப்படுவோர், காலையில் பள்ளி வாசலில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் கார்களை எண்ணிவிட்டு நம்மிடம் வரட்டும்.

வங்கியிதழில் எழுதுவதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதை முதலீடாகக் கருதிப் பழைய வண்டி வாங்க எண்ணும் வாடிக்கையாளர்கள் அவ்வப்போது நம்மிடம் ஆலோசனை கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே நம் விடை. வெளிநாட்டு ஏலங்களில் சில லோட்டஸ்களும் கோப்ராக்களும் பெருவிலை போவது உண்மையே. ஆனால் அங்கு பந்தயம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, தாள் இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது. இங்கு வாங்குபவரைத் தேடியலைய வேண்டும். நிறுத்தும் இடத்திற்கு வாடகை, உதிரிப் பாகத்திற்கு அலைச்சல், மெக்கானிக்கின் மனநிலை ஆகியவற்றைச் செலவுக் கணக்கில் எழுதிப் பார்த்தால் நம் சாதாரண வைப்புத்தொகையே ஆதாயமாகத் தெரியும். விலை ஏறும் என்று வாங்கியவர் அதை ஓட்ட அஞ்சிப் பூட்டிவைப்பார். பூட்டிவைத்த வண்டிக்கு என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டோம். ஓட்டி மகிழ்வதற்கென்று ஒதுக்கிய பணத்தில், இழந்தாலும் வீடு தள்ளாடாத தொகையில் வாங்குவதுதான் முறை.

காப்பீட்டிலும் கவனம் தேவை. ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கும், உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும் காப்பீட்டு மதிப்பு, நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையே. வாய்மொழியாக விடாமல் படங்களோடும் செலவு ரசீதுகளோடும் பேச வேண்டும். வழக்கமான மோட்டார் பாலிசி பந்தயத்தில் நேரும் சேதத்தை ஏற்காது. தடத்திற்குக் கொண்டுபோவதற்கு முன் இதைக் கேட்டறியாதவர்கள் பிறகு வருந்தியிருக்கிறார்கள்.

வீட்டுக் கொட்டகையில், பட்டறையின் பின்புறத்தில் அத்தகைய வண்டியோ அதன் எச்சமோ வைத்திருப்பவர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து, பழைய ஆர்.சி. புத்தகம், ரசீது, பந்தய நிரல், நாளிதழ்த் துணுக்கு எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரே கோப்பில் வைக்க வேண்டும். ஓட்டியவர் உயிரோடிருந்தால் அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிந்துகொள்ள வேண்டும். சோழவரத்தில் இருபத்தைந்து வயதில் ஓடியவர்களுக்கு இன்று அறுபதும் எழுபதும் கடந்துவிட்டன. வண்டியின் இரும்பைப் பின்னர்கூட மாற்றிக்கொள்ளலாம்.

அந்த வாடிக்கையாளர் ஓராண்டு கழித்து மீண்டும் கிளைக்கு வந்தார். இம்முறை கடனுக்கன்று, சேமிப்புக் கணக்கில் பணம் செலுத்த. பழைய இரும்பு வியாபாரி எஞ்சினை அலுமினிய எடைக்கும் சேசிஸை இரும்பு எடைக்கும் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். கண்ணாடி இழை உடலுக்கு எடைவிலை இல்லையாம். வேண்டாமென்று விட்டுச் சென்றுவிட்டாராம். அது பட்டறையின் பின்புறம் வேப்ப மரத்தடியில் கிடப்பதாகவும், கதவும் கண்ணாடியும் இல்லாவிட்டாலும் பந்தய எண் இன்னும் அழியவில்லை என்றும் சொன்னார். கோப்பை என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். பத்திரமாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, பணம் செலுத்திய சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.